சிகரெட்டை விட்டா அந்த வெள்ளைத் திட்டு மறையுமா?

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். கேட்டவங்க சென்னையில ஐ.டி. வேலை பார்க்கற ஒரு தோழி, வயசு 31. பேர் வேணாம்னு சொல்லிட்டாங்க. கம்பெனி ஹெல்த் செக்கப்ல பாப் ஸ்மியர் எடுத்திருக்காங்க. ரிப்போர்ட்ல எல்.எஸ்.ஐ.எல்.னு நாலு எழுத்து. கர்ப்பப்பை வாயில் இருந்து எடுத்த செல்கள்ல லேசான மாற்றம் தெரியுதுன்னு அர்த்தம். டாக்டர் கால்போஸ்கோபி பண்ணிடலாம்னு சொல்லியிருக்காங்க. அதாவது, பெரிதாக்கிக் காட்டற ஒரு லென்ஸ் வழியா கர்ப்பப்பை வாயை நேரா பார்க்கறது. இவங்க ஒரு நாளைக்கு ஆறு சிகரெட் பிடிக்கறவங்க. மெயில்ல எழுதியிருந்ததை அப்படியே சொல்றேன்: "நான் சிகரெட்டை விட்டுடறேன், ஜிம்லயும் சேர்ந்துட்டேன். ஆறு மாசம் டைம் குடுத்துப் பார்க்கலாமா? கால்போஸ்கோபி இல்லாமலே சரியாகிடுமா?"

நல்ல கேள்வி. இதுல பாதி சரி, பாதி ஆபத்து. எந்தப் பாதி எதுன்னு பிரிச்சுப் பார்க்கறதுதான் இன்னைக்கு வேலை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, இன்ஜினியரிங் படிச்சிட்டு கோடு எழுதறவன். "ஆம்பளை நீ எதுக்குடா கர்ப்பப்பை பத்திப் பேசற"ன்னு ஒருத்தராவது கமெண்ட்ல கேட்பீங்க. கடைசி வரைக்கும் கேளுங்க, இதுல ஆம்பளைங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றது செஞ்சிக்குப் பக்கத்துல எங்க ஊர் அனந்தபுரத்துல இருந்து. வேலை வீட்டுல இருந்துதான், அதனால மைக்கையும் தூக்கிட்டு வந்துட்டேன். நடுவுல மினி பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கங்க.

சரி, அந்த மாற்றம்னா என்ன? கர்ப்பப்பை வாயோட மேல்தோல் பல அடுக்கு செல்களால ஆனது. அதுக்குள்ள எச்.பி.வி.ங்கற வைரஸ் போகுது. உடலுறவு வாழ்க்கை இருக்கற பெரும்பாலானவங்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்துல இது தொத்திடும். இதை 'ஒழுக்க' விஷயமா பார்க்கறது அறிவியலே இல்ல. வைரஸ் எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த ரிப்போர்ட்டாலும் சொல்ல முடியாது. பத்து வருஷம் முன்னாடி வந்ததாகூட இருக்கலாம். அதனால ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு வீட்டுல சண்டை போடாதீங்க. பத்துல ஒன்பது தொற்றை உடம்பே ரெண்டு வருஷத்துக்குள்ள விரட்டிடுது. மிச்சம் இருக்கற அந்த ஒண்ணுதான் பிரச்சினை. அதுலயும் முக்கியமா 16, 18ங்கற ரெண்டு வகை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம்னு கண்டுபிடிச்சதுக்காகத்தான் 2008-ல் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு நோபல் பரிசு கிடைச்சது.

போகாம தங்கற வைரஸ் என்ன பண்ணும்? நம்ம செல்லுக்குள்ள பி53, ஆர்பின்னு ரெண்டு புரதங்கள் காவல் வேலை பார்க்குது. டி.என்.ஏ.ல பழுது இருந்தா "நிறுத்து, சரி பண்ணிட்டு அப்புறம் பிரி"ன்னு சொல்றது இதுங்கதான். வைரஸோட ஈ6, ஈ7ங்கற புரதங்கள் இந்த ரெண்டு காவலையும் முடக்கிடும். டெஸ்ட் கேஸ் எல்லாத்தையும் கமெண்ட் அவுட் பண்ணிட்டு நேரா புரொடக்‌ஷனுக்கு அனுப்பற மாதிரி. பழுதான செல்கள் அடியில இருந்து மேல நோக்கிப் பெருக ஆரம்பிக்கும். தோலோட கீழ் மூணுல ஒரு பங்கு வரைக்கும் மாறியிருந்தா சி.ஐ.என். 1, மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் போனா சி.ஐ.என். 2, அதையும் தாண்டிட்டா சி.ஐ.என். 3. எதுவுமே இன்னும் புற்றுநோய் இல்ல. தொற்றுல இருந்து புற்றுநோய் வரைக்கும் போக பொதுவா 15, 20 வருஷம் ஆகும். எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு, உதாரணத்துக்கு எச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காதவங்களுக்கு, 5-ல இருந்து 10 வருஷத்துலயே போயிடலாம்.

இங்க ஒரு வேடிக்கை. நம்ம தொழில்ல 'ரிக்ரெஷன்'னா கெட்ட வார்த்தை: நேத்து வரைக்கும் வேலை செஞ்சது இன்னைக்கு உடைஞ்சு போச்சுன்னு அர்த்தம். டாக்டர்கள் 'ரிக்ரெஷன்'னு சொன்னா மாறின செல்கள் பழைய நிலைக்குத் திரும்பிடுச்சுன்னு அர்த்தம். ரிப்போர்ட்ல அந்த வார்த்தையைப் பார்த்து பயந்துடாதீங்க.

அப்படித் திரும்பறது அபூர்வமும் இல்ல. சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானா போயிடும், அதனால டாக்டர்களே உடனே கை வைக்காம, ஒரு வருஷம் போல விட்டு மறுபடி பார்க்கறாங்க. சி.ஐ.என். 2 பத்தி 2018-ல் பி.எம்.ஜே. இதழ்ல 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. சிகிச்சை தராம கண்காணிச்ச பெண்கள்ல, ரெண்டு வருஷத்துல பாதிப் பேருக்கு மாற்றம் குறைஞ்சிருந்தது, 32 சதவீதம் பேருக்கு அப்படியே நின்னுருந்தது, 18 சதவீதம் பேருக்கு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. 30 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குக் கணக்கு இன்னும் கொஞ்சம் சாதகம்.

உங்க கேள்வியோட அடிப்படையே இதுதான். பாதிப் பேருக்குத் தானா சரியாகுதுன்னா, அந்தப் பாதிக்குள்ள போக நான் ஏதாவது பண்ண முடியுமா?

சிகரெட் விஷயத்துல பதில் தெளிவா இருக்கு. சிகரெட் புகை நுரையீரலோட நிக்கறது இல்ல. நிகோட்டினும், அது உடைஞ்சு உண்டாகற கோட்டினினும் ரத்தம் வழியா கர்ப்பப்பை வாயில் ஊறற சளிக்கு வந்து சேருது. சிகரெட் பிடிக்கற பெண்களோட சளியில இதை அளந்தே பார்த்திருக்காங்க. அது மட்டும் இல்ல, புகையிலைக்கே உரிய புற்றுநோய் ரசாயனம் ஒண்ணையும் அதே சளியில 1990கள்ல கண்டுபிடிச்சாங்க. அதாவது, ஏற்கெனவே காவல் முடங்கிப் போன செல்கள் மேல, டி.என்.ஏ.வைக் கிழிக்கற பொருள் ஊத்திக்கிட்டே இருக்கு. இது போதாதுன்னு, அந்தத் தோல்ல வைரஸை அடையாளம் காட்டிக் குடுக்கற லாங்கர்ஹான்ஸ் செல்கள்னு ஒரு ரகம் இருக்கு. புகைக்கறவங்ககிட்ட அந்த எண்ணிக்கை குறைவா இருந்ததை 1988-லேயே பிரிட்டன்ல பார்த்துட்டாங்க. திருடனும் உள்ள இருக்கான், துப்புக் குடுக்கறவனும் இல்ல.

இது வெறும் ஆய்வகக் கதையா? இல்ல. 2006-ல் உலகம் முழுக்க நடந்த 23 ஆய்வுகளை ஒண்ணாக் கொட்டி, புற்றுநோய் வந்த 13,500-க்கும் மேற்பட்ட பெண்களோட தகவலை மறுபடி கணக்குப் போட்டாங்க. புகைக்காதவங்களுக்கு 1னு வச்சா, இப்ப புகைக்கறவங்களுக்கு ஆபத்து 1.6. முன்னாடி புகைச்சுட்டு விட்டவங்களுக்கு 1.12. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் விடறதால கிடைக்கற லாபம். ஒரு நுணுக்கம் உண்டு. இது கர்ப்பப்பை வாயில் அதிகம் வர ஸ்குவாமஸ் வகைக்கு மட்டும்தான் பொருந்தும். சுரப்பி செல்கள்ல இருந்து வர வகைக்கு சிகரெட்டோட தொடர்பு தெரியல.

உங்க கேள்விக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 1996-ல் லான்செட் இதழ்ல வந்தது, லண்டன்ல பண்ணினது. லேசான மாற்றம் இருந்த, புகைக்கற பெண்கள் 82 பேர். உங்களை மாதிரியேதான். ஆறு மாசம் விடச் சொல்லி, விட்டாங்களா குறைச்சாங்களான்னு பார்த்து, கால்போஸ்கோப்ல அந்தத் திட்டோட அளவை அளந்தாங்க. அதிகமா குறைச்சவங்களுக்குத் திட்டும் அதிகமா சுருங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனா மத்த ஆதாரங்களோட ஒத்துப் போகுது. ஒண்ணை கவனிச்சீங்களா? அந்த 82 பேரும் ஆறு மாசமும் கால்போஸ்கோபி கண்காணிப்புல இருந்தாங்க. பார்க்காம விட்டுட்டு சிகரெட்டை மட்டும் விடல.

அதனால தோழி, சிகரெட்டை விடறது மிகச் சரி. கால்போஸ்கோபியை விடறது தப்பு. உள்ள இருக்கறது சி.ஐ.என். 1-ஆ 3-ஆன்னு ஸ்மியரால உறுதியா சொல்ல முடியாது. பார்த்து, தேவைப்பட்டா துளி சதை எடுத்து பயாப்ஸி பண்ணினாதான் தெரியும். 1னு வந்துட்டா உங்க ஆறு மாச பிளானை டாக்டரே சந்தோஷமா ஒத்துக்குவாங்க.

3னு வந்துட்டா? அங்க காத்திருக்கறதுன்னா என்னன்னு உலகம் ஒரு தடவை பார்த்துடுச்சு, பாவப்பட்ட பெண்களை வச்சு. நியூசிலாந்து, ஆக்லாந்து, நேஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரி. ஹெர்பர்ட் கிரீன்ங்கற டாக்டர் சி.ஐ.என். 3 புற்றுநோயா மாறாதுன்னு நம்பினார். 1966-ல இருந்து பல பெண்களுக்கு முழு சிகிச்சை தராம சும்மா கண்காணிச்சார். அவங்ககிட்ட சொல்லாமலே. 1987-ல ரெண்டு பெண்கள், சாண்ட்ரா கோனியும் ஃபிலிடா பங்கிளும், ஒரு பத்திரிகையில எழுதி இதை உடைச்சாங்க. அடுத்த வருஷம் நீதிபதி கார்ட்ரைட் விசாரணை அறிக்கை வந்தது. 2008-ல் அந்தப் பழைய கோப்புகளை எடுத்து 30 வருஷக் கணக்குப் பார்த்தப்போ: சும்மா பயாப்ஸியோட விடப்பட்டவங்கள்ல 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய். அவங்களுக்குள்ளயும் ரெண்டு வருஷத்துக்கு மாற்றம் போகாம நின்னவங்கள்ல பாதிப் பேருக்கு. ஆரம்பத்துலயே சரியா சிகிச்சை எடுத்தவங்களுக்கு 0.7 சதவீதம். இதுக்கு மேல நான் என்ன சொல்ல. டெல்லியிலயும் 1970, 80கள்ல ஐ.சி.எம்.ஆர். நிறுவனம் ஒண்ணு இதே மாதிரி பெண்களை சிகிச்சை இல்லாம பின்தொடர்ந்தது 1997-ல் செய்தியாகி சர்ச்சையாச்சு.

இப்ப ஜிம். இது கொஞ்சம் பலவீனமான பகுதி, அதனால சீக்கிரம் முடிச்சுடறேன். 2016-ல் அமெரிக்காவுல பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு ஆய்வு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருந்த 128 பேரையும், புற்றுநோய் இல்லைன்னு தெரிஞ்ச 512 பேரையும் ஒப்பிட்டாங்க. மாசத்துக்கு நாலு தடவைகூட உடற்பயிற்சி செய்யாதவங்களுக்கு ஆபத்து ரெண்டு மடங்குக்கும் மேல. கேட்க நல்லா இருக்கு. ஆனா இது நடந்து முடிஞ்ச பிறகு "முன்னாடி எவ்வளவு உடற்பயிற்சி பண்ணினீங்க"ன்னு கேட்டு எழுதின கணக்கு. உடற்பயிற்சி பண்றவங்கதான் செக்கப்புக்கும் ஒழுங்கா போறவங்க. எது எதை உண்டாக்குதுன்னு பிரிக்கறது கஷ்டம். உடற்பயிற்சி எதிர்ப்பு சக்திக்கு நல்லது, எடைக்கு, மனசுக்கு, இதயத்துக்கு நல்லது. ஜிம்முக்குப் போங்க. ஆனா சி.ஐ.என்.க்கு சிகிச்சைன்னு பேர் வைக்கற தகுதி அந்த ஆய்வுக்கு இல்ல.

எங்க ஊரைப் பார்த்தாலே எனக்கு இந்த விஷயம் உறைக்கும். எங்க பெரியம்மா காலையில ஆறு மணிக்குக் கொல்லைக்குப் போனா, மல்லாட்டை பிடுங்கற நாள்ல எட்டு மணி நேரம் குனிஞ்சே இருப்பாங்க. நான் போன மாசம் செஞ்சிக் கோட்டையில ராஜகிரி ஏறிட்டு ரெண்டு நாள் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டத்தட்ட 800 அடிதான். போன வருஷம் யுனெஸ்கோ பட்டியல்ல வந்ததுல இருந்து கூட்டம் வேற. பெரியம்மாவுக்கெல்லாம் அது ஒரு ஏத்தமே இல்ல. உடல் உழைப்பு மட்டுமே காப்பாத்தும்னா கிராமத்துப் பெண்களுக்கு இந்த நோயே வரக்கூடாது. ஆனா தமிழ்நாட்டுல காலங்காலமா இது கிராமத்துப் பெண்களைத்தான் அதிகமா பிடிச்சிருக்கு. சின்ன வயசுக் கல்யாணம், நிறைய பிரசவம், எல்லாத்துக்கும் மேல பரிசோதனையே இல்லாம இருந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி, 30-ல இருந்து 49 வயசு வரை உள்ள பெண்கள்ல வாழ்க்கையில ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணினவங்க இந்தியாவுல 1.9 சதவீதம். தமிழ்நாட்டுல 9.8. நாம முன்னணியில இருக்கோம்னு பெருமைப்படலாம், பத்துல ஒன்பது பேர் பார்க்கவே இல்லைன்னு கவலையும் படலாம்.

பெரியம்மா அந்த ஒருத்தர்ல சேர்ந்தவங்க. ஊர்ல நடந்த முகாம்ல நர்ஸம்மா வினிகரைத் தொட்டு வச்சுப் பார்த்துட்டு, "வெள்ளையா ஒரு திட்டு தெரியுது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கம்மா"ன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. பெரியம்மா அந்தச் சீட்டை சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிட்டாங்க. நான் போனப்போ, "ஏண்டா தம்பி, வலியும் இல்ல, ரத்தமும் இல்ல. எதுக்குடா திரும்பவும் வரச் சொல்றாங்க"ன்னு கேட்டாங்க. வலி இல்லாத கட்டத்துலதான் இதைச் சுலபமா முடிக்க முடியும். வலி வந்த பிறகு வேற கதை. இதைப் புரிய வைக்க எனக்கு மூணு வேளை சாப்பாட்டு நேரம் ஆச்சு.

அந்த வினிகர் சோதனையைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அதுக்கு உலக அளவுல சாட்சி நம்ம தமிழ்நாடுதான். செஞ்சி இல்ல, தெற்கே திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துல அம்பிளிக்கைன்னு ஒரு ஊர். அங்க இருக்கற கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருக்கற உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இவங்க சேர்ந்து 2000-ல ஆரம்பிச்சாங்க. மாவட்டத்துல 114 பகுதிகளைப் பிரிச்சு, 57 பகுதியில நர்ஸ்களே கிராமத்துக்குப் போய்ப் பரிசோதனை. 3-ல இருந்து 5 சதவீத அசிட்டிக் அமிலம், அதாவது கிட்டத்தட்ட சமையல் வினிகர். பஞ்சுல தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தா, மாறின செல்கள் இருக்கற இடம் வெளுத்துக் காட்டும். மாறின செல்கள்ல கருவும் புரதமும் நெருக்கமா இருக்கறதால அமிலம் பட்டதும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குது. லேப் வேணாம், கரண்ட்கூட வேணாம், ஒரு நல்ல டார்ச் போதும்.

30-ல இருந்து 59 வயசு வரை, 49,311 பேர் தகுதியானவங்க. 31,343 பேர் வந்தாங்க. அவங்கள்ல 3,088 பேருக்கு வெள்ளைத் திட்டு தெரிஞ்சது, கிட்டத்தட்ட பத்துல ஒருத்தருக்கு. அதனால திட்டு தெரிஞ்சதும் "புற்றுநோய்"னு ஒப்பாரி வைக்க வேண்டாம், பெரும்பாலும் அப்படி இல்ல. கால்போஸ்கோபி, பயாப்ஸி எல்லாம் முடிஞ்சு 1,874 பேருக்கு முன்நிலை மாற்றம்னு உறுதியாச்சு. 2007-ல் லான்செட்ல முடிவு வந்தது. ஒரே ஒரு தடவை வினிகர் வச்சுப் பார்த்ததுக்கே, பரிசோதனை நடந்த பகுதிகள்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைஞ்சது. அதனால வர சாவு 35 சதவீதம் குறைஞ்சது.

எனக்கு இதுல உறுத்தற ஒரு விஷயமும் உண்டு. ஒப்பிடறதுக்காக மிச்சப் பகுதிகள்ல இருந்த 30,958 பெண்களுக்கு இந்தப் பரிசோதனை குடுக்கல, வழக்கமான கவனிப்பு மட்டும்தான். அங்க 92 பேர் இந்த நோய்ல இறந்தாங்க. இப்படி ஒப்பிடறது நியாயமான்னு பின்னாடி பெரிய விவாதம் நடந்தது. ஆய்வு நமக்குக் குடுத்ததை எடுத்துக்கும்போது அந்தப் பக்கத்தையும் ஞாபகம் வச்சுக்கணும்னு எனக்குத் தோணுது.

ஆனா நான் சொல்ல வந்த எண் வேற. மாற்றம்னு உறுதியான 1,874 பேர்ல சிகிச்சை எடுத்தவங்க 72 சதவீதம். மிச்ச 28? இலவசமா, நர்ஸ் ஊருக்கே வந்து பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டும் சிகிச்சை போய்ச் சேரல. எல்லாருக்கும் ஒரே காரணமா இருக்காது. சிலருக்கு மாற்றம் லேசா இருந்திருக்கலாம், சிலருக்குக் கூலி போயிடும், சிலருக்கு வீட்டுக்காரர் விடல, சிலருக்கு வலி இல்ல. சாமி படத்துக்குப் பின்னாடி சொருகின சீட்டுகள்.

அப்புறம் சிகிச்சைன்னதும் கர்ப்பப்பையையே எடுத்துடுவாங்கன்னு ஒரு பயம் ஊர்ல பரவிக் கிடக்கு. சின்ன திட்டுன்னா குளிர வச்சு உறைய வைப்பாங்க: மூணு நிமிஷம் உறைய வச்சு, அஞ்சு நிமிஷம் இளக விட்டு, மறுபடி மூணு நிமிஷம். இல்லைன்னா சூடான முனையை ஒரு நிமிஷத்துக்குள்ள வச்சு எடுத்துடுவாங்க. கொஞ்சம் பெரிசுன்னா மரத்துப் போக ஊசி போட்டு, கம்பி வளையத்தால அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுப்பாங்க. அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும். இன்னும் குழந்தை பெத்துக்கணும்னு இருக்கறவங்க அதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, சீவற அளவு, காத்திருக்கலாமா கூடாதா எல்லாம் அதைப் பொறுத்து மாறும். பெரியம்மாவுக்கு ரெண்டாவது நிலை. அறுவடை முடிஞ்ச வாரம் போய் வளையம் வச்சு எடுத்துட்டு வந்தாங்க. மறுநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவங்களை அண்ணி திட்டி உட்கார வச்சாங்க.

டாக்டரம்மா கேட்ட ரெண்டாவது கேள்விதான் என்னை இந்த எபிசோடைப் பண்ண வச்சது. "புகையிலை போடுவீங்களாம்மா?" பெரியம்மா சிகரெட் தொட்டது இல்ல. ஆனா வெத்தலை பாக்கோட போயிலை, ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. நம்ம நாட்டுக் கணக்கே அப்படித்தான்: 2016-17 உலக வயது வந்தோர் புகையிலை ஆய்வுப்படி இந்தியப் பெண்கள்ல புகைக்கறவங்க 2 சதவீதம், மெல்லறவங்க 12.8 சதவீதம். அதனால "சிகரெட்டை விடு"ன்னு வெளிநாட்டுக் கட்டுரையை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டா நம்ம ஊர்ல பாதிப் பேர் "அது நமக்கு இல்ல"ன்னு நகர்ந்துடுவாங்க. 2003-ல் அடையாறு புற்றுநோய் நிலையமும் லியோன் அமைப்பும் சென்னையில பண்ணின ஒரு ஆய்வு இதைத்தான் பார்த்தது. நோய் வந்த 205 பேர், வராத 213 பேர். வெற்றிலை போடற பழக்கத்துக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிஞ்சது, ஒரு நாளைக்குப் போடற தடவை கூடக் கூட ஆபத்தும் கூடியிருந்தது. சிகரெட் அளவுக்கு ஆதாரம் குவியல, ஆனா மெல்லற புகையிலையிலயும் அதே வகை ரசாயனங்கள்தான் இருக்கு. வாய்ப் புற்றுநோய்க்கு அது காரணம்னு சந்தேகமே இல்லாம தெரியும்போது, இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?

பெரியம்மா முழுசா விடல. ஆறு ரெண்டாயிருக்கு. போயிலைக்குப் பதிலா கிராம்பு வச்சுக்கறாங்க. சிகிச்சைக்குப் பிறகு மாற்றம் திரும்ப வரதும் புகைக்கறவங்களுக்கு அதிகம்னு ஆய்வுகள் சொல்றதால, ரெண்டையும் பூஜ்யம் ஆக்கற பேச்சுவார்த்தை வீட்டுல தொடர்ந்துட்டு இருக்கு.

இப்ப ஆம்பளைங்களுக்கு. வீட்டுக்குள்ள அடுத்தவங்க விடற புகையும் ஆபத்தைக் கூட்டுதுன்னு சில ஆய்வுகள் காட்டியிருக்கு, நேரடியா புகைக்கற அளவுக்கு இல்லைன்னாலும். ஹோண்டுராஸ்ல 2002-ல் வந்த ஆய்வு ஒண்ணு, எச்.பி.வி. இருக்கற பெண்களுக்கு விறகு அடுப்புப் புகையும் சேர்ந்தா ஆபத்து கூடறதைப் பார்த்தது. அப்ப, மனைவிக்கு ரிப்போர்ட் வந்திருக்கு, புருஷன் கட்டில்ல உட்கார்ந்து பீடி பிடிக்கறார்னா, விட வேண்டியது யாரு? எங்க பெரியப்பா திண்ணைக்கு இடம் மாத்திக்கிட்டார். அதுவே அவருக்குப் பெரிய தியாகம், சரி. இன்னொண்ணும் இருக்கு. 2003-ல் நெதர்லாந்துல பண்ணின ஆய்வுல, இப்படி மாற்றம் இருந்த பெண்களோட துணைவர்கள் தொடர்ந்து ஆணுறை பயன்படுத்தினப்போ மாற்றம் சரியாகறது கூடியிருந்தது. சிகரெட், ஆணுறை, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது லீவு போட்டுக் கூட வரது. இந்த மூணும் ஆம்பளைங்க வேலை.

தடுப்பூசி பத்தியும் கண்டிப்பா கேட்பீங்க. சீரம் இன்ஸ்டிடியூட்டோட செர்வாவேக் 2023 ஜனவரியில அறிமுகமாச்சு. உடலுறவுக்கு முன்னாடி, சின்ன வயசுலயே போட்டா அருமையான பாதுகாப்பு. ஏற்கெனவே வந்துட்ட மாற்றத்தை அது அழிக்காது. தங்கச்சி, அண்ணன் பொண்ணுன்னு 9-ல இருந்து 14 வயசுல யார் வீட்டுல இருந்தாலும் டாக்டர்கிட்ட கேளுங்க. உங்களுக்கு 30 ஆகிடுச்சுன்னா தடுப்பூசியை விட முதல்ல பரிசோதனை. 2022 கணக்குப்படி இந்தியாவுல ஒரு வருஷத்துல சுமார் 1,27,000 பேருக்கு இந்தப் புற்றுநோய் வந்து, கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தாங்க. இது தடுக்கக்கூடிய நோய்ங்கறதை வச்சுக்கிட்டு அந்த எண்ணைப் பாருங்க.

எங்க போறது? 30 வயசு தாண்டின யாரும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்கலாம். தமிழ்நாட்டுல இந்த வினிகர் சோதனையை முதல்ல தேனி, தஞ்சாவூர் மாவட்டங்கள்ல சோதிச்சுப் பார்த்துட்டு, 2012-ல இருந்து மாநிலம் முழுக்க கொண்டு வந்தாங்க. காசு கிடையாது. மாதவிடாய் இல்லாத நாளாப் பார்த்துப் போங்க. ரிப்போர்ட் வந்தா டாக்டர்கிட்ட மூணே மூணு கேள்வி கேளுங்க: எந்த நிலை, அடுத்து எப்ப வரணும், அதுவரைக்கும் என்ன பண்ணலாம். உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம், நாத்தத்தோட வெள்ளைப்படுதல் இருந்தா 30 வயசு வரைக்கும் காத்திருக்காம உடனே போங்க.

புகையிலையை விட உதவி வேணும்னா தேசிய உதவி எண் 1800-11-2356, இலவசம். சிகரெட் பாக்கெட்டு மேலயே அச்சடிச்சிருக்கு, படம் பயங்கரமா இருக்கறதால யாரும் அந்தப் பக்கம் பார்க்கறது இல்ல. நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில கிடைக்குது, டாக்டரைக் கேட்டுட்டு எடுத்துக்கங்க.

மெயில் அனுப்பின தோழி போன வாரம் பதில் போட்டிருந்தாங்க. கால்போஸ்கோபிக்குத் தேதி வாங்கிட்டாங்களாம், ஆறு சிகரெட் இப்ப ஒண்ணாம். ஜிம்முக்கு மட்டும் இன்னும் போகலையாம்.